"செல்லம் கொடுத்துக் கெடுத்தது நான்தானா?"

கேள்வி: எனக்கு மூன்று மகன்கள். மூத்தவர்கள் இருவருக்கும் திருமணமாகிவிட்டது. கடைக்குட்டிக்கு 24 வயது. கல்யாணப் பேச்சை எடுத்தபோது, தனக்குப் பெண்கள் மேல் ஈர்ப்பே வந்ததில்லை, ஆண்கள் மேல்தான் வருகிறது என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து என் கணவர் அவனோடு பேசுவதில்லை. "செல்லம் கொடுத்துக் கெடுத்தது நீதான்" என்று என்னைத் திட்டுகிறார். ஹாஸ்டல் சகவாசம் என்கிறான் மூத்தவன். ஹார்மோன் ஊசி போட்டால் மாறிவிடும் என்கிறார் குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவர். இது பிறவியில் வருவதா, வளர்ப்பில் வருவதா? கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடுமா?
- பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும், உங்களைத் தூங்கவிடாமல் செய்வது கணவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் என்று நினைக்கிறேன். அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் காரணம் இல்லை. செல்லம் கொடுத்ததால் யாருக்கும் தன்பாலீர்ப்பு வருவதில்லை. கண்டிப்பாக வளர்த்திருந்தாலும் உங்கள் மகன் இப்படித்தான் இருந்திருப்பார்.

ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சுவீடனில் ஆயிரக்கணக்கான இரட்டையர்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரையும் தனித்தனிக் கருவாக உருவான இரட்டையரையும் ஒப்பிட்டால், ஒரு விஷயத்தில் மரபணுவின் பங்கு எவ்வளவு, ஒரே வீட்டில் சேர்ந்து வளர்ந்ததன் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கணக்கிடலாம். ஆண்களைப் பொறுத்தவரை மரபணுவின் பங்கு 34 முதல் 39 சதவீதம் என்று வந்தது. சேர்ந்து வளர்ந்த வீட்டின் பங்கு பூஜ்யம். மீதியெல்லாம் அந்தந்த ஆளுக்கு மட்டும் தனியாக நேர்ந்தவை.

இந்த 'மீதி'யில்தான் பலர் சறுக்குகிறார்கள். மரபணு முழுக் காரணம் இல்லையென்றால் வளர்ப்போ சகவாசமோதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். குழந்தை பிறப்பதற்கு முன்னால் கருப்பையில் நடப்பதும் அந்த 'மீதி'யில்தான் சேரும். மூன்று மகன்கள் என்று நீங்கள் எழுதியிருப்பதால் இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும்.

ரே பிளான்சார்ட், ஆன்டனி போகார்ட் என்ற இரு உளவியலாளர்கள் 1996-இல் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்கள். அண்ணன்கள் அதிகம் உள்ள ஆண்களிடையே தன்பாலீர்ப்பு சற்றே அதிகம். அக்காக்கள் எத்தனை பேர் இருந்தாலும் இந்த வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் கணவர் இதைக் கேட்டால், "பார்த்தாயா, கடைக்குட்டிச் செல்லம்" என்பார். அந்தச் சந்தேகம் போகார்டுக்கும் இருந்தது. அதனால் தத்தெடுக்கப்பட்டவர்கள், மறுமணக் குடும்பங்களில் வளர்ந்தவர்கள் ஆகியோரையும் சேர்த்துப் பார்த்தார். 2006-இல் வந்த முடிவு தெளிவாக இருந்தது. ஒரே வீட்டில் வளர்ந்தாலும் வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன்களால் எந்த வித்தியாசமும் இல்லை. ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன்கள் என்றால், கூட வளராமல் வேறெங்கோ வளர்ந்திருந்தாலும் வித்தியாசம் இருந்தது. ஆக, விஷயம் மடியில் நடக்கவில்லை, வயிற்றில் நடந்திருக்கிறது.

ஆண் கருவில் ஒய் குரோமோசோம் உண்டு, தாயின் உடம்பில் அது கிடையாது. அதனால் ஆண் கருவின் சில புரதங்களைத் தாயின் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்நியப் பொருளாக எடுத்துக்கொண்டு ஆன்டிபாடிகளை உருவாக்குகிறது, அடுத்தடுத்த ஆண் கருக்களின் மூளை வளர்ச்சியில் அது தன் வேலையைக் காட்டுகிறது என்பது அவர்களுடைய விளக்கம். மூளையில் உள்ள அப்படி ஒரு புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடிகள், அண்ணன்கள் உள்ள தன்பாலீர்ப்பு மகன்களைப் பெற்ற தாய்மார்களிடம் கூடுதலாக இருந்ததை 2018-இல் அதே குழு கண்டது. அண்ணன்களால் கூடும் வாய்ப்பு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதம் நடக்கிறது.

சரி, இதைப் படித்துவிட்டு "அப்போ என் வயிறுதான் காரணமா" என்று புதிதாக ஒரு பழியைத் தூக்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். நூறு ஆண்களில் 2 பேர் தன்பாலீர்ப்பாளர்கள் என்று வைத்துக்கொண்டால், இரண்டு அண்ணன்கள் உள்ளவர்களில் அது தோராயமாக 3 அல்லது 4 ஆகிறது, அவ்வளவுதான். மூன்றாவதாகப் பிறக்கும் மகன்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் பெண்கள் மேல்தான் ஈர்ப்பு வருகிறது.

மரபணுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதற்கென்று ஒரே ஒரு மரபணு இருக்கிறது என்ற நம்பிக்கை 1990-களில் பரவலாக இருந்தது. 2019-இல் 4,77,000-க்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவல்களை அலசிய ஆய்வு அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஒவ்வொன்றும் மிகச் சிறிய அளவில் பங்களிக்கும் ஏராளமான மரபணு வேறுபாடுகள் இருக்கின்றன. ரத்தத்தைச் சோதித்து ஒருவரின் ஈர்ப்பைச் சொல்லிவிட முடியாது.

ஹார்மோன் ஊசி வேண்டவே வேண்டாம். வளர்ந்த ஓர் ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் செலுத்தினால் ஆசையின் வேகம் கூடலாம், திசை மாறாது. ஆலன் டூரிங் என்ற மாபெரும் கணித மேதையை 1952-இல் பிரிட்டிஷ் நீதிமன்றம் தன்பாலுறவுக்காகத் தண்டித்து, சிறைக்குப் பதிலாக ஹார்மோன் சிகிச்சைக்கு உட்படுத்தியது. அது அவர் உடம்பைக் குலைத்தது. இரண்டே ஆண்டுகளில் அவர் இறந்துபோனார். 2013-இல் அவருக்கு அரச மன்னிப்பு வழங்கினார்கள். யாருக்கு என்ன பயன்?

ஹாஸ்டல் சகவாசம் என்று மூத்த மகன் சொல்வதும் நிற்காது. நண்பர்களாலும் சூழலாலும் ஒருவருடைய நடத்தை மாறலாம், யாரைக் கண்டால் மனம் தடுமாறுகிறது என்பது மாறுவதில்லை. இதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான ஆதாரம் ஒரு சோகக் கதை. ஆண் குழந்தைகளாகப் பிறந்து, பிறவிக் குறைபாட்டாலோ விபத்தாலோ ஆணுறுப்பு இல்லாமல் போனதால், மருத்துவர்களின் ஆலோசனைப்படி பெண்களாகவே வளர்க்கப்பட்ட சிலர் இருக்கிறார்கள். பெயர், உடை, பொம்மை என்று எல்லாமே பெண்ணுக்குரியவை. பால் ஈர்ப்பு பதிவான 7 பேரை 2016-இல் வந்த ஒரு விரிவான ஆய்வுக் கட்டுரை எடுத்துப் பார்த்தது. ஏழு பேருக்கும் முதன்மையான ஈர்ப்பு பெண்கள் மேல்தான். சிறு குழந்தையிலிருந்தே வளர்ப்பு முழுவதையும் மாற்றியும் திசை திருப்ப முடியாததை, ஹாஸ்டலில் இருந்த சில வருடங்களா திருப்பிவிடும்?

அப்படியென்றால் சமூகத்துக்குப் பங்கே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. தன் ஈர்ப்புக்கு ஒருவர் என்ன பெயர் வைக்கிறார், வெளியே சொல்கிறாரா, மறைக்கிறாரா, யாரோடு வாழ்கிறார், எவ்வளவு பயத்தோடு வாழ்கிறார் என்பதெல்லாம் சுற்றியிருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், தங்களைத் தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர் என்று சொல்லிக்கொண்டவர்கள் 2012-இல் 3.5 சதவீதம், 2023-இல் 7.6 சதவீதம். பதினோரு வருடத்தில் மனித உடல் மாறிவிடாது. சொல்லும் தைரியமும் சொல்வதற்கான வார்த்தைகளும்தான் மாறியிருக்கின்றன.

சிலருக்கு ஈர்ப்பு தானாகவே காலப்போக்கில் நெகிழ்வதும் உண்டு, பெண்களிடம் இது கூடுதல். உளவியலாளர் லிசா டயமண்ட், பெண்கள் மேல் ஈர்ப்புள்ள பெண்கள் சிலரைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், மூன்றில் இரண்டு பங்கினர் தங்களை அழைத்துக்கொள்ளும் விதத்தை ஒரு முறையாவது மாற்றியிருந்தார்கள். தானாக நெகிழ்வது வேறு, பிறர் மாற்ற நினைப்பது வேறு. மாற்ற முடியும் என்று 2003-இல் ஆய்வு வெளியிட்ட மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சரே, 2012-இல் அது தவறு என்று சொல்லி, அதை நம்பி நேரத்தையும் நிம்மதியையும் இழந்தவர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, உலக சுகாதார நிறுவனம் 1990-இல் எடுத்தது. நோயே இல்லாததற்கு யார் மருந்து கொடுப்பதாகச் சொன்னாலும் பணத்தையும் கொடுக்காதீர்கள், பிள்ளையையும் அனுப்பாதீர்கள்.

பிறவியா, வளர்ப்பா என்ற கேள்வியிலேயே நாம் தேவைக்கு மேல் தொங்குகிறோம் என்பது என் கருத்து. ஒருவேளை நாளைக்கு இதற்கு வேறு ஏதோ காரணம் என்று தெரியவந்தாலும், உங்கள் மகனுக்கு உரிய மரியாதை ஒரு துளி குறையாது. அவர் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யவில்லை.

கல்யாணம் செய்துவைத்தால் சரியாகாது. முன்பின் தெரியாத ஒரு பெண் அந்த வீட்டுக்குள் வந்து, கணவன் ஏன் தன்னைத் தொட விரும்பவில்லை என்று தெரியாமல், தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்து வருடக்கணக்கில் அழுவாள். அந்தப் பெண்ணின் பெற்றோரையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பெண் பார்க்கும் பேச்சை இன்றே நிறுத்திவிடுங்கள்.

கணவரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கேட்லின் ரையனும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், வளரும் வயதில் குடும்பம் கடுமையாக ஒதுக்கிய தன்பாலீர்ப்பு இளைஞர்கள் தற்கொலைக்கு முயன்றது, அதிகம் ஒதுக்கப்படாதவர்களைவிட 8.4 மடங்கு கூடுதலாக இருந்தது. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை, ஆனால் அவர் பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் எனக்குக் கவலையாக இருக்கிறது. உடனே எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். "சாப்பிட்டாயா" என்று கேட்கட்டும், அப்புறம் மற்றது. மகன் தூக்கம் கெட்டோ, யாரோடும் பேசாமலோ இருந்தால், அவரை மாற்றப் பார்க்காத ஒரு மனநல மருத்துவரிடம் தாமதிக்காமல் அழைத்துப் போங்கள்.

கடைசியாக, இது ஊசி பற்றிச் சொன்னவர் வரை போயிருக்கிறது என்று தெரிகிறது. யாரிடம், எப்போது சொல்வது என்பது உங்கள் மகன் எடுக்க வேண்டிய முடிவு. வேறு யாராவது அவரிடம் போய்ச் சொல்வதற்கு முன், இன்னாருக்கும் தெரியும் என்று நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள். இனி யாரிடமும் அவரைக் கேட்காமல் சொல்ல மாட்டேன் என்றும் சொல்லுங்கள்.