உப்புக்காற்று, இடி, சார்ஜர் பின்: கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

மார்த்தாண்டம் பக்கம் செல்போன், டிவி, லேப்டாப் சர்வீஸ் செய்கிறவன் நான். குமரி மாவட்டத்தின் பல மூலைகளில் இருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். "எந்த கம்பெனி போன் நல்லது?" என்று மட்டும் கேட்டவர்கள் மன்னிக்கவும். குளச்சலில் தாக்குப்பிடிக்கிற போன் வேறு, பேச்சிப்பாறையில் உதவுகிற போன் வேறு. ஊரைச் சொல்லாமல் போனைக் கேட்டால் நான் என்ன சொல்ல?

குளச்சலில் இருந்து: அண்ணே, நான் வள்ளத்தில் போகிறவன். போனில் சார்ஜர் குத்துகிற இடம் பச்சை பிடித்து, சார்ஜ் ஏறாமல் போய், போர்டு மாற்றினேன். ஆறு மாதத்தில் மறுபடியும் அதே கதை. கடைக்காரர் டூப்ளிகேட் போட்டு ஏமாற்றுகிறாரா?

தம்பி, கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன்னால் இதைக் கேளும். அந்தப் பச்சை, செம்பு அரித்த நிறம். டைப்-சி ஓட்டைக்குள் 24 பின்கள் இருக்கின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர்தான். அதில் உப்பு ஈரம் படிந்திருக்கும்போது சார்ஜரைக் குத்தினால், மின்சாரம் ஒரு பின்னில் இருந்து அடுத்த பின்னுக்கு அந்த ஈரத்தின் வழியாகவே ஓடி உலோகத்தைக் கரைத்துவிடும். மழைநீர் என்றால் காய்ந்தபின் பிரச்சினை ஓரளவு தீரும். உப்பு அப்படி இல்லை. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து இழுத்து அது எப்போதும் நசநசவென்றே இருக்கும். நீர் வள்ளத்தில் வைத்தே பவர்பேங்க் குத்துகிறீர் என்று நினைக்கிறேன். அதுதான் முதல் எதிரி.

கடலுக்குப் போகும்போது முழு சார்ஜ் ஏற்றிவிட்டுப் போம். ஓட்டையை அடைக்கச் சின்ன ரப்பர் மூடி விற்கிறார்கள், விலையும் கொஞ்சம்தான்; வாங்கிப் போடும். கரைக்கு வந்ததும் குத்தாதீர். துடைத்து, ஃபேன் காற்றில் நன்றாகக் காயவிட்டு அப்புறம் குத்தும். லேசாகப் பச்சை தெரிந்தால் போனை அணைத்துவிட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மெல்லிய பிரஷ்ஷை நனைத்துத் துடைக்கலாம். ஊசி, சேஃப்டி பின் எல்லாம் உள்ளே விடவே கூடாது. அடுத்த போன் வாங்கும்போது சார்ஜிங் போர்டு தனியாக வருகிறதா, மதர்போர்டிலேயே பற்ற வைத்திருக்கிறதா என்று சர்வீஸ் கடையில் கேட்டுவிட்டு வாங்கும். தனியாக வந்தால் சில நூறு ரூபாயில் வேலை முடியும். இல்லையென்றால் போன் விலையில் பெரிய பங்கு போய்விடும். கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதைவிட உமக்கு இது முக்கியம்.

அதே தம்பி திரும்பவும்: அப்போ ஐபி68 போன் வாங்கிவிட்டால் போதாதா? தண்ணீருக்குள் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்று விளம்பரத்தில் காட்டுகிறார்களே?

அந்தச் சோதனை நல்ல தண்ணீரில், புதுப் போனை வைத்துச் செய்தது. பொதுவாக ஒன்றரை மீட்டர் ஆழம், 30 நிமிடம். கடல்தண்ணீர் அந்தக் கணக்கில் இல்லை. அதோடு, ஒரு தடவை போனைப் பிரித்து டிஸ்ப்ளே மாற்றிவிட்டால் உள்ளே இருக்கும் பசை பழையபடி ஒட்டாது. பிரிக்காத ஐபி68 போன் கடலில் விழுந்தால் எடுத்த உடனே நல்ல தண்ணீரில் லேசாக அலசி, அணைத்து, காயவையும். ஐபி எதுவும் இல்லாத போனோ, பிரித்து ஒட்டின போனோ என்றால் அணைத்துவிட்டு அன்றைக்கே கடைக்குக் கொண்டு வாரும். அரிசிக்குள் புதைத்துவிட்டு மூன்று நாள் கழித்து வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரிசி உப்பை எடுக்காது; தவிடுதான் ஓட்டைக்குள் போகும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் வந்ததை உமக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. கரையை விட்டுத் தூரம் போனபின் செல்போன் வெறும் டார்ச்லைட். ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு வி.எச்.எஃப் வயர்லெஸ் செட்டும், இந்தியாவின் நாவிக் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை வரும் கருவியும்தான் துணை. போனுக்குச் செலவழிக்கிற பணத்தில் கொஞ்சம் அதற்கும் ஒதுக்கும்.

இரணியலில் இருந்து: போன ஐப்பசியில் இடி இடித்ததில் டிவி, செட்-டாப் பாக்ஸ், வைஃபை ரவுட்டர் மூன்றும் ஒரே நேரத்தில் போய்விட்டன. டிவிக்கு ஸ்டெபிலைசர் இருந்தது, சுவிட்சையும் அணைத்துதான் வைத்திருந்தேன். பின்னே எப்படி?

இந்தக் கேள்வி வராத வருஷம் இல்லை. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை; சித்திரை, வைகாசியில் மாலை நேரத்து இடி, அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு சுற்று. அந்த மாதங்களில் என் மேஜையில் கருகின ரவுட்டர் அடாப்டர் குவிந்துவிடும்.

ஸ்டெபிலைசரின் வேலை, 170 வோல்ட் வந்தாலும் 260 வந்தாலும் சரிசெய்து கொடுப்பது. உள்ளே ரிலே இருக்கிறது, அது மாற மில்லி விநாடிகள் ஆகும். இடி மின்னலால் ஒயரில் பாயும் மின் அதிர்வோ மைக்ரோ விநாடியில் வந்து போய்விடும். ஸ்டெபிலைசர் கண் திறப்பதற்குள் காரியம் முடிந்திருக்கும். சுவிட்சை அணைத்தேன் என்கிறீர்கள். சுவரில் இருக்கும் சுவிட்ச் ஃபேஸ் ஒயரை மட்டும்தான் துண்டிக்கிறது. நியூட்ரல் அப்படியே தொடர்கிறது. அதன் வழியாகவும் வரும். மொட்டை மாடி டிஷ்ஷில் இருந்து இறங்கும் கேபிள் இருக்கிறதே, அது இன்னொரு வாசல். உங்கள் வீட்டில் மூன்றும் சேர்ந்து போனதைப் பார்த்தால் அந்த வழியாக வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

ஆகவே பிளக்கையே உருவுங்கள். டிஷ் கேபிளையும் கழற்றுங்கள். மாடிக்கு லேன் ஒயர் இழுத்திருந்தால் அதையும். இடி தலைக்கு மேல் வந்தபின் போய்த் தொடாதீர்கள்; தூரத்தில் உருளும் சத்தம் கேட்கும்போதே செய்துவிட வேண்டும். வெளியூர் போகிற அன்றைக்கு மறக்கவே கூடாது.

நிரந்தர ஏற்பாடு வேண்டுமென்றால் எலக்ட்ரீஷியனிடம் டி.பி. பாக்ஸில், அதாவது வீட்டுக்குள் கரண்ட் பிரிகிற பெட்டியில், சர்ஜ் அரெஸ்டர் வைக்கச் சொல்லுங்கள். ஆனால் எர்த் சரியில்லாத வீட்டில் அதை வைத்துப் பயனில்லை, ஏனென்றால் வரும் அதிர்வை அது எர்த்துக்குத்தான் திருப்பிவிடுகிறது. பல பழைய வீடுகளில் எர்த் குழி எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது, மேலே துணி துவைக்கும் கல் போட்டிருப்பார்கள். முதலில் அதைக் கண்டுபிடித்துச் சோதிக்கச் சொல்லுங்கள். இதற்கு ஆகும் செலவை ஒரு டிவி விலையோடு வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

களியக்காவிளை: வீட்டுக்குள் கேரளா டவர், வாசலில் தமிழ்நாடு டவர். காசு கூடப் பிடிப்பார்களா? பேட்டரியும் சீக்கிரம் இறங்குகிறது.

இப்போதைய அன்லிமிடெட் பிளான்களில் பெரும்பாலும் ரோமிங்கும் சேர்ந்தே வருகிறது. உங்கள் பிளானில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரிக்குக் காரணம், போன் இரண்டு டவருக்கும் இடையில் மாறி மாறித் தேடுவது. நெட்வொர்க் செட்டிங்கில் தானாகத் தேடுவதை அணைத்துவிட்டு, எது வலுவாக இருக்கிறதோ அதைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள். தூரப் பயணம் போகும்போது திரும்ப மாற்ற மறந்தால் சிக்னலே இருக்காது, அப்போது என்னைத் திட்டக்கூடாது.

பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ஊரில் இருந்து: சார், ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வீடு. ஒரு புள்ளி சிக்னல். ஆன்லைனில் மூவாயிரம் ரூபாய்க்கு சிக்னல் பூஸ்டர் வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம். செல்போன் கம்பெனியைத் தவிர வேறு யாரும் அதை வைக்கச் சட்டத்தில் இடமில்லை. நீங்கள் வைத்தால் பக்கத்து டவருக்கே இரைச்சல் ஏறி, ஊரில் மற்றவர்களுக்கும் லைன் கெடும். விற்கிறவன் மாட்டமாட்டான், வீட்டில் மாட்டினவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பணம் செலவழிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள், ரப்பர் பால் வெட்டுக்காரர், யாரிடம் எந்த கம்பெனி சிம் இருக்கிறதோ அதில் எத்தனை புள்ளி என்று உங்கள் அடுக்களையில் நின்று பாருங்கள். மலைச்சரிவில் நூறு அடி தள்ளினால் கதையே மாறும். எது எடுக்கிறதோ அதற்கு நம்பரை மாற்றிக்கொள்ளலாம்; PORT என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, உங்கள் எண்ணையும் போட்டு 1900-க்கு அனுப்பினால் வேலை தொடங்கும். ஃபைபர் இணைப்பு ஊருக்கு வந்திருந்தால் இன்னும் எளிது: போனில் வைஃபை காலிங் என்று ஒரு செட்டிங் இருக்கும், அதைப் போட்டுவிட்டால் டவரே இல்லாமல் சாதாரண அழைப்பு வரும், ஓ.டி.பி.யும் பெரும்பாலும் வந்துவிடும். ரவுட்டரில் வரும் இரண்டு வைஃபை அலைவரிசைகளில் 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டினால் வலு குறைந்துவிடும். அடுத்த அறைக்கு 2.4-தான் சரி.

தக்கலை: அண்ணா, என் வீட்டுக்காரர் துபாயில் இருந்து ஐபோன் 17 கொண்டு வந்தார். சிம் போடும் இடமே இல்லை! ஏமாந்துவிட்டோமா?

இல்லை தங்கச்சி. அந்த வரிசையில் துபாய், சவுதி, குவைத், கத்தார், ஓமான், பஹ்ரைன் பக்கம் விற்பதெல்லாம் ஈ-சிம் மட்டும்தான்; அட்டையாகப் போடாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம் அது. இந்தியாவில் விற்பதில் சிம் தட்டு உண்டு. உங்கள் நம்பரை ஈ-சிம்மாக மாற்றிக்கொண்டால் போன் நன்றாக ஓடும். அவர் இங்கே வங்கிக்கு வைத்திருக்கும் நம்பரை, லீவு முடிந்து விமானம் ஏறுவதற்கு முன் மாற்றிவிடச் சொல்லுங்கள்; அங்கே போய் உட்கார்ந்துகொண்டு மாற்றுவது தலைவலி. "ஈ-சிம் மாற்றித் தருகிறேன், ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்று யாராவது தானாக அழைத்தால் வைத்துவிடுங்கள். நம்பர் அவர்கள் கைக்குப் போனால் வங்கிக் கணக்கும் பின்னாலேயே போகும். வாரண்டி இங்கே செல்லுமா என்பதை பில்லோடு சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தோவாளையில் பூக்கடை: பணம் அனுப்பிவிட்டேன் என்று போனைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். சாயங்காலம் கணக்குப் பார்த்தால் வரவில்லை. சத்தம் சொல்கிற பெட்டிக்கு மாத வாடகை கேட்கிறார்கள். வேண்டுமா?

அக்கா, விடியற்காலைச் சந்தையில் இரண்டு கையும் பூவில் இருக்கும்போது ஒவ்வொரு தடவையும் போனைத் திறந்து பார்க்க முடியாது. உங்களுக்குப் பெட்டி வேண்டும். காட்டுகிற திரையை நம்பாதீர்கள், அதைப் போலியாகச் செய்யும் ஆப்பே உலவுகிறது. "பணம் அனுப்புகிறேன், பின் நம்பர் போடுங்கள்" என்றால் அது திருட்டு. பணம் வாங்க யு.பி.ஐ. பின் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930, சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தைத் தடுத்து வைக்க வழி உண்டு.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற ஆசிரியர்: ஸ்மார்ட் டிவி வாங்கி இரண்டு வருடம். ரிமோட்டை அழுத்தினால் காபி குடித்துவிட்டு வந்து பார்க்கலாம்.

சார், திரை நன்றாக இருக்கிறதா? அப்படியானால் டிவியை மாற்றாதீர்கள். மலிவு டிவிகளில் ஒரு ஜி.பி. ராம், எட்டு ஜி.பி. இடம் வைத்து விற்கிறார்கள். ஆப்கள் வருடா வருடம் பருத்துக்கொண்டே போகின்றன. டிவியின் இணையத்தைத் துண்டித்துவிட்டு, எச்.டி.எம்.ஐ.யில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் குத்திக்கொள்ளுங்கள். முகப்பில் வரும் விளம்பரமும் குறையும். காசு கொடுத்து வாங்கின பொருளில் இன்னொருவன் விளம்பரம் ஒட்டுவதை நாம் எப்போது ஒத்துக்கொண்டோம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முட்டம்: புதுப் போன், வாரண்டி இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் "தண்ணீர் போயிருக்கிறது" என்று கைவிரித்துவிட்டார்கள். தண்ணீரே படவில்லை. கடற்கரையில் இருப்பது குற்றமா?

இதைக் கேட்டால் எனக்கும் கோபம் வருகிறது. போனுக்குள் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், தண்ணீர் பட்டால் சிவக்கும். அது சிவந்திருக்கிறதா என்று உங்கள் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள், படம் எடுங்கள். மறுப்பை வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். போனை வாங்கும்போது அவர்கள் எழுதித் தரும் ஜாப் ஷீட்டில் காரணத்தோடு எழுதி வாங்குங்கள். எழுதச் சொன்னாலே பாதிப் பேர் மேனேஜரைக் கேட்டு வருகிறேன் என்று உள்ளே போவார்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்தது நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி பெங்களூரில் இருக்கிறது, அங்கே போக வேண்டுமோ என்ற பயம் வேண்டாம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளில் இருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பில், ஜாப் ஷீட், படம் மூன்றையும் பத்திரமாக வையுங்கள்.

குலசேகரம்: மகள் காலேஜ் சேர்கிறாள். வீட்டில் 2016-ல் வாங்கின லேப்டாப். விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, புதிது வாங்கியே ஆகவேண்டும் என்கிறார் கடைக்காரர்.

2025 அக்டோபர் 14-உடன் அதற்கு ஆதரவு நின்றது உண்மை. அந்தக் காலத்து லேப்டாப் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது என்பதும் உண்மை. ஆனால் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான ஒரு எஸ்.எஸ்.டி. போட்டு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் எழுத, படிக்க, இணையம் பார்க்க இன்னும் சில வருடம் ஓடும். கலை, வணிகம் படிக்கிறாள் என்றால் இது போதும். இன்ஜினியரிங் என்றால் முதல் செமஸ்டர் முடியட்டும், என்ன மென்பொருள் வேண்டும் என்று காலேஜிலேயே சொல்வார்கள். அதைப் பார்த்து வாங்குங்கள்.

அருமனை: பழைய பவர்பேங்க் உப்பிப்போய் இருக்கிறது. சார்ஜ் ஏறுகிறது. பயன்படுத்தலாமா?

கூடாது. இனி சார்ஜ் போடவும் வேண்டாம். குத்திக் காற்றை வெளியேற்றப் பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும். மெத்தை, துணி அலமாரி பக்கத்தில் இருந்து எடுத்து, சிமெண்ட் தரையில் மணல் போட்ட பழைய சட்டியில் வைத்துவிட்டு, பக்கத்தில் பேட்டரி எடுக்கும் சர்வீஸ் கடைக்குக் கொண்டு போங்கள். குப்பையோடு சேர்த்துப் போடாதீர்கள். என் கடைக்குக் கொண்டு வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்வேன், காசு வேண்டாம்.