கழுவிய பிறகும் கார் சொரசொரக்கிறதா?

யாழ்ப்பாணம் கொக்குவிலிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னுடையது வெள்ளை வாகன் ஆர். வீடு ரயில் பாதைக்குப் பக்கத்தில். கிழமைக்கு ஒருமுறை கழுவுகிறேன். ஆனாலும் பொனற்றைத் தடவினால் மணல்தாள் மாதிரி இருக்கிறது. இப்போது சின்னச் சின்னச் செம்மஞ்சள் புள்ளிகளும் தெரிகின்றன. கராஜில் கட்டிங் பொலிஷ் போடச் சொல்கிறார்கள். வீட்டிலேயே எடுக்க வழி உண்டா?"

உண்டு. கட்டிங் பொலிஷுக்கு இப்போது அவசரப்பட வேண்டாம். பெரும்பாலான கார்களில் நிறத்துக்கு மேலே இருக்கும் தெளிந்த பூச்சு ஏறக்குறைய 40, 50 மைக்ரோன் தடிப்புத்தான். தலைமயிரை விட மெல்லியது. கட்டிங் பொலிஷ் அந்தப் பூச்சையே கொஞ்சம் சீவி எடுக்கிறது. ஒட்டியிருக்கும் துகளை எடுக்காமல் மெஷினை வைத்தால், அந்தத் துகளே சுற்றிச் சுற்றிக் கீறும்.

அந்தப் புள்ளிகள் அநேகமாக இரும்புத் தூள். ரயில் சில்லும் தண்டவாளமும் உரசும்போதும், பிரேக் பிடிக்கும்போதும் பொடியாகப் பறப்பது. உங்கள் காரின் பிரேக்கிலிருந்தும் வரும். ஒழுங்கையில் வெல்டிங் கடை இருந்தால் கிறைண்டர் பொறியும் சேரும். பெயின்ற்றில் குத்தி நிற்கும் இந்தத் தூள், பனியும் கடற்காற்றின் உப்பும் பட்டுத் துருப்பிடிக்கிறது. கறுப்புக் காரிலும் இதே தூள் இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது.

முதலில் காரை நன்றாகக் கழுவிவிட்டு, மெல்லிய பொலித்தீன் பை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பகுதியாக மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத பருக்கையும் பை வழியாகத் தெரியும். பொனற்றும் கூரையும் சொரசொரத்தால் காற்றில் வந்து விழுந்தது. சில்லுக்குப் பின்னால், கதவின் கீழ்ப்பகுதி மட்டும் என்றால் பெரும்பாலும் தாரும் பிரேக் தூளும். வெள்ளை வளையங்கள் தெரிந்தால் அது வேறு கதை, பிறகு சொல்கிறேன்.

கழுவுவதற்குச் சவர்க்காரத் தூள் வேண்டாம், அது காரில் பூசிய மெழுகைக் கழற்றிவிடும். தேங்காய்ப் பொச்சும் பாத்திரம் விளக்கும் பவுடரும் கார்ப் பக்கமே வரக்கூடாது. கார் ஷாம்பூவும் இரண்டு வாளியும் போதும்: ஒன்றில் நுரை, மற்றதில் துணியை அலசும் நல்ல தண்ணீர். சோளகக் காலத்தில் செம்மண் புழுதி அப்பியிருக்கும். துணி படுவதற்கு முன் ஹோஸால் அடித்து அதை ஓடவிடுங்கள்.

அடுத்தது அயர்ன் ரிமூவர், அதாவது ஒட்டிய இரும்புத் தூளைக் கரைத்து எடுக்கும் மருந்து. கார் நிழலில், தகரம் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது தெளியுங்கள். இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாகி வழியும். கூழ்முட்டை நாற்றம் அடிக்கும், பயப்பட வேண்டாம், மருந்தின் இயல்பு அது. கையுறை போடுங்கள். போத்தலில் சொன்ன நேரம் வரை விட்டு, காயமுன் கழுவிவிடுங்கள். இதைக் கிணற்றடியில் மட்டும் செய்யாதீர்கள். எங்கள் மண்ணுக்குக் கீழே வெடிப்பும் துவாரமுமாகச் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது வடிகட்டப்படாமலே கிணற்றுக்குப் போய்விடும். குடிப்பதும் அந்தத் தண்ணீர்தானே. கிணற்றுக்குத் தள்ளி வைத்துக் கழுவ இடமில்லையென்றால் இந்த ஒரு படியைச் சேர்விஸ் ஸ்டேஷனில் செய்விப்பது நல்லது. தார்ப் புள்ளிக்குத் தார் நீக்கி, இல்லாவிட்டால் துணியில் துளி மண்ணெண்ணெய் தொட்டு ஒற்றி எடுத்து, உடனே ஷாம்பூவால் கழுவலாம்.

இவ்வளவுக்கும் பிறகும் பை சொரசொரத்தால்தான் கிளே பார். கார் பெயின்ற்றுக்கென்றே செய்த களி அது. பிள்ளைகள் விளையாடும் களி இதற்கு உதவாது. 'ஃபைன்' வகையைக் கேட்டு வாங்குங்கள். அதிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி, உள்ளங்கையில் பிசைந்து, தீப்பெட்டி அளவில் தட்டையாக்குங்கள். ஸ்பிறே போத்தலில் ஷாம்பூ கலந்த தண்ணீரை எடுத்து, இரண்டு கை அகல இடத்தில் தாராளமாக அடியுங்கள். களியை விரல் நுனியால் அல்ல, விரல்களைப் படுக்கவைத்து, நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். வட்டம் போடக் கூடாது. அழுத்தவும் கூடாது. தொடக்கத்தில் கறகற என்று இழுக்கும், சத்தமும் கேட்கும். சில ஓட்டத்தில் சத்தம் அடங்கிக் களி வழுக்கத் தொடங்கும். அந்த இடம் முடிந்தது. களி இழுபட்டு ஒட்டினால் தண்ணீர் போதவில்லை.

களியின் முகம் பழுப்பாகும்போது மடித்துப் பிசைந்து புது முகத்தை வெளியே எடுங்கள். நிலத்தில் விழுந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், எறியுங்கள். கழுவிப் பார்ப்போம் என்று நினைத்தால் அதில் ஒட்டிய ஒரு மணல் கதவு நீளத்துக்குக் கோடு போடும். களி எவ்வளவு நல்லதென்றாலும் மெல்லிய தேய்ப்புத் தடம் விழலாம், கறுப்புக் காரில் அது தெரியும். முதலில் ஒரு மூலையில் செய்து பார்ப்பது அதற்காகத்தான். அண்மையில் பெயின்ற் அடித்த பகுதிக்குக் குறைந்தது ஒரு மாதமாவது பொறுங்கள். மினுக்கமில்லாத மற் பெயின்ற்றுக்குக் களியே வேண்டாம்.

சரி, வெள்ளை வளையம். அது எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு. வெயிலில் கழுவி அப்படியே காயவிட்டால் தண்ணீர் போய்ச் சுண்ணாம்பு மட்டும் நிற்கும். களி இதை எடுக்காது. வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியால் ஒற்றி, ஒரு நிமிடத்தில் கழுவிவிட்டால் புது வளையங்கள் போகும். பழசு பூச்சுக்குள் இறங்கியிருந்தால் பொலிஷ்தான் வழி. வராமல் தடுப்பது சுலபம்: காலையில் வெயில் ஏறமுன் கழுவி, மைக்ரோபைபர் துவாயால் உடனே துடையுங்கள். மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தால் கடைசி அலசலுக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. களி ஓட்டும் ஸ்பிறேக்கும் அதுவே ஏற்றது.

களி போட்ட அன்றே மெழுகும் பூச வேண்டும். பழைய மெழுகையும் களி கொண்டுபோயிருக்கும், வெறும் பெயின்ற்றை உப்புக் காற்றில் விடக்கூடாது. மெழுகு இருந்தால் அடுத்த முறை தூள் இவ்வளவு இறுக்கமாகப் பிடிக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பையால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் களியைத் தொடவே வேண்டாம்.

அயர்ன் ரிமூவர் இரண்டாம் முறை போட்டும் அசையாத செம்மஞ்சள் புள்ளி ஒன்றிரண்டு நிற்கலாம். துரு பெயின்ற்றுக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். அப்போது கராஜுக்குப் போங்கள், ஆனால் முழுக் காருக்கும் அல்ல, அந்தப் பகுதிக்கு மட்டும் கையால் பொலிஷ் போடச் சொல்லுங்கள். கவர் போட்டு மூடலாமா என்று யோசித்திருப்பீர்கள். தூசி படிந்த காரின் மேல் கவரைப் போட்டால் காற்றுக்கு அது ஆடி ஆடித் தேய்க்கும். ரயில் பாதைப் பக்கம் மதிலோரமாக ஒரு தகரச் சாய்ப்பு இறக்க முடிந்தால் அது கவரை விடப் பயன்படும்.