பனிமலை ரயிலுக்கு ஏஜென்ட் தனியா 1,900 வெள்ளி கேக்கறாரு, குடுக்கலாமா?

கேள்வி: அக்கா, நாங்க சிங்கப்பூர் யீஷூன்ல இருக்கோம். ஸ்கூல் லீவுக்கு சுவிட்சர்லாந்து போலாம்னு பசங்க ஒரே நச்சரிப்பு. பையனுக்கு 14, பொண்ணுக்கு 9, மாமியாரும் வர்றாங்க, அவங்க இங்க பிஆர் (நிரந்தரவாசி), இந்தியா பாஸ்போர்ட். அந்த ஊர் ரயில், பஸ்லெல்லாம் போக ஸ்விஸ் டிராவல் பாஸ் எடுக்கறோம். ஆனா பெர்னினா எக்ஸ்பிரஸ், கிளேசியர் எக்ஸ்பிரஸ்னு ரெண்டு பனிமலை ரயிலுக்கும் டிக்கெட்னு சொல்லி ஏஜென்ட் அஞ்சு பேருக்கு தனியா 1,900 வெள்ளி போட்டிருக்காரு. நியாயமா?

பதில்: கையெழுத்து போட்றாதீங்கம்மா, கொஞ்சம் நில்லுங்க. பாஸ் இருந்தா அந்த ரெண்டு ரயிலுக்கும் டிக்கெட் காசே கிடையாது, சீட் ரிசர்வேஷன் காசு மட்டும்தான். உங்க பசங்க ரெண்டு பேரும் 16க்கு கீழ, அதனால அப்பா அம்மா கூட போனா ஃபேமிலி கார்டுல ஃப்ரீ, அந்த கார்டுக்கும் காசு இல்ல, ஆனா சீட் ரிசர்வ் பண்ணித்தான் ஆகணும். ரிசர்வேஷன் எவ்ளோ, அவரோட சர்வீஸ் சார்ஜ் எவ்ளோன்னு ஏஜென்ட்கிட்ட பிரிச்சு எழுதிக் கேளுங்க, அதுல மழுப்பினா வேற கடைய பாருங்க.

எந்த தேதின்னு நீங்க எழுதல, அதான் எனக்கு உதைக்குது. நம்ம லீவு நவம்பர்லயே ஆரம்பிச்சிடுது, கிளேசியர் எக்ஸ்பிரஸ் அக்டோபர் நடுவுலேர்ந்து டிசம்பர் ஆரம்பம் வரைக்கும் ஓடாது. பெர்னினா வருஷம் பூரா ஓடும்.

நேரத்தையும் பாருங்க. நான் ஒரு தடவ ஏஜென்ட் பேச்ச கேட்டு டிசம்பர்ல திரானோலேர்ந்து கூர் போற மத்தியான பெர்னினா ரயில்ல ஏறிட்டேன், மேல 2,253 மீட்டர்ல ஓஸ்பீஸியோ பெர்னினா ஸ்டேஷன் கிட்ட பனி அப்பிடியே மாவு கொட்டின மாதிரி, சரி காசு வசூல்னு நெனச்சா அங்க நாலே முக்காலுக்குள்ள சூரியன் போயிடுது, 65 மீட்டர் உயரத்துல நிக்கற லாண்ட்வாசர் பாலம் வர்றப்ப கண்ணாடில என் மூஞ்சிதான் தெரிஞ்சுது. காலையில கூர்லேர்ந்து கெளம்பறத எடுங்க.

இன்னொண்ணு ஏஜென்ட் சொல்ல மாட்டாரு. பெர்னினா போற அதே தண்டவாளத்துல சாதா ரயிலும் ஓடுது, செயின்ட் மோரிட்ஸ்ல மாறணும், அவ்ளோதான். ரிசர்வேஷன் வேணாம், பாஸே போதும், சில பெட்டில ஜன்னல இறக்கி போட்டோ எடுக்கலாம். எக்ஸ்பிரஸோட பெரிய கண்ணாடி பெட்டில வெளிச்சம் அடிச்சு போட்டோ பாழாகும். நானா இருந்தா கிளேசியர் ஒண்ணுக்கு மட்டும் காசு குடுப்பேன், அதுவும் எட்டு மணி நேரம் பசங்க உக்காருவாங்களான்னு யோசிச்சிட்டு.

மாமியாருக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பா நாட்டுக்கும் சேர்த்து ஒரே விசா) வேணும், அத முதல்ல போடுங்க. திரானோ இத்தாலில இருக்கு, ஆனா அதே விசா செல்லும்.

டெபாசிட் கட்டறதுக்கு முன்னாடி ஏஜென்டுக்கு சிங்கப்பூர் பயணத்துறைக் கழக லைசென்ஸ் இருக்கான்னு பாருங்க. ரயில் பேரு, தேதி, கெளம்பற நேரம், எந்த கிளாஸ், எல்லாம் இன்வாய்ஸ்ல இருக்கணும், வாட்ஸப்ல "ஓகே லா"ன்னு அனுப்பறது பத்தாது. சொன்னத குடுக்கலன்னா பயனீட்டாளர் சங்கத்துக்கிட்ட (CASE) போலாம், இல்ல சின்ன தொகை வழக்க பாக்கற ஸ்மால் கிளெய்ம்ஸ் தீர்ப்பாயத்துல 20,000 வெள்ளி வரைக்கும் ரெண்டு வருஷத்துக்குள்ள கேக்கலாம், அப்ப அந்த இன்வாய்ஸ்தான் கைல இருக்கணும்.