எம்பிஏ பட்டமா, பிஜிடிஎம் டிப்ளமோவா?

கேள்வி: என் மகன் பி.காம். முடித்திருக்கிறான். பல்கலைக்கழக இணைவு பெற்ற கல்லூரியில் எம்பிஏ இடமும், சென்னையில் ஒரு தனியார் மேலாண்மைக் கல்வி நிறுவனத்தில் பிஜிடிஎம் (முதுநிலை மேலாண்மை டிப்ளமோ) இடமும் கிடைத்துள்ளன. பின்னதற்குக் கட்டணம் அதிகம். “டிப்ளமோவுக்கா இவ்வளவு பணம்?” என்கிறார் என் மைத்துனர். இரண்டுக்கும் என்ன வேறுபாடு?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: தங்கள் மைத்துனர், பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் சேர்ந்து பெறும் டிப்ளமோவை மனத்தில் வைத்துப் பேசுகிறார் என்று நினைக்கிறேன். பிஜிடிஎம் அதுவன்று. இளநிலைப் பட்டம் பெற்றவர்கள் கேட் (CAT), சாட் (XAT), சிமேட் (CMAT) போன்ற நுழைவுத் தேர்வுகளை எழுதிச் சேரும் இரண்டாண்டு முழுநேரப் படிப்பு அது.

வேறுபாடு பாடத்தில் இல்லை. வழங்குபவரின் அதிகாரத்தில் இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி, மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்களும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனங்களும் மட்டுமே பட்டம் வழங்கலாம். இந்த வரம்புக்கு வெளியே இருக்கும் நிறுவனம் எவ்வளவு சிறப்பாகக் கற்பித்தாலும், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) அனுமதியுடன் டிப்ளமோதான் தர முடியும். 1961இல் தொடங்கப்பட்ட கொல்கத்தா, அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகங்களே (ஐஐஎம்) சங்கங்களாகப் பதிவானவை என்பதால் அரை நூற்றாண்டுக்கும் மேலாக டிப்ளமோவைத்தான் வழங்கி வந்தன. ஐஐஎம் சட்டம் 2018 ஜனவரி 31 அன்று நடைமுறைக்கு வந்த பிறகே அவற்றுக்குப் பட்டம் வழங்கும் உரிமை கிடைத்தது. அதற்கு முன் படித்து வெளியே வந்தவர்களை எந்த நிறுவனமும் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆகவே தனியார் வேலைக்கு இந்த வேறுபாடு பெரும்பாலும் பொருட்டே அல்ல. சிக்கல் வருவது, பின்னாளில் முனைவர் பட்ட ஆய்வுக்கோ, கல்லூரி ஆசிரியர் பணிக்கோ, முதுநிலைப் பட்டம் கேட்கும் அரசுப் பணிக்கோ விண்ணப்பிக்கும்போதுதான். அங்கே, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் அந்த பிஜிடிஎம்மை எம்பிஏவுக்கு இணையானதாக ஏற்றிருக்கிறதா என்று கேட்பார்கள். இந்த இணைத்தகுதி எல்லா நிறுவனத்துக்கும் தானாக வந்துவிடுவதில்லை. அந்தச் சங்கம் தந்த இணைத்தகுதிக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி, அது தங்கள் மகன் சேரும் ஆண்டுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். “வாங்கிவிடுவோம்” என்ற வாய்மொழியை ஏற்க வேண்டாம்.

ஏஐசிடிஇ தரும் அனுமதிக் கடிதத்தையும் கேளுங்கள். அதில் பாடத்தின் பெயரும், அனுமதிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கையும், இணைவு தந்த பல்கலைக்கழகமும் அட்டவணையாக இருக்கும். பல்கலைக்கழகத்துக்கான கட்டத்தில் எதுவும் இல்லை என்றிருந்தால் தவறில்லை. பிஜிடிஎம்முக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் விளம்பரத்தில் ‘எம்பிஏ + பிஜிடிஎம்’ என்று போட்டிருந்தால், அந்த எம்பிஏவை எந்தப் பல்கலைக்கழகம், எந்த முறையில் வழங்குகிறது என்று எழுத்தில் பெறுங்கள். அது வேறொரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பாக இருப்பதும் உண்டு.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, பதாகையில் போடும் உச்சச் சம்பளத்தைப் பார்க்காதீர்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு, என்ன பணி கிடைத்தது என்று கேளுங்கள். அந்த விவரம் தெளிவாக வந்து, தங்கள் மகனுக்கு ஆசிரியர் பணியிலோ அரசுப் பணியிலோ நாட்டம் இல்லையென்றால், கூடுதல் கட்டணத்தைக் கட்டலாம். விவரம் தரத் தயங்கினால், நான் எம்பிஏ இடத்தையே தேர்ந்தெடுப்பேன்.