பெயர் வைக்கும் முன்பே அழிந்த இறம்பொடைத் தவளை: கேள்வி பதில்

மலையகன்: இலங்கையில் அழிந்துபோன தவளைகளில் ஒன்று இறம்பொடையைச் சேர்ந்தது என்கிறார்களே அண்ணா, எது அது?

சூடோபிலாட்டஸ் மாயா என்ற புதர்த்தவளை. 1876க்கு முன்பு மலையகத்து இறம்பொடையில் பிடித்து, மதுசாரப் போத்தலில் போட்டு லண்டனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே நூதனசாலையில் வேறொரு இனத்தின் பெயரோடு அப்படியே கிடந்தது. மாதவ மீகஸ்கும்புர, ரொஹான் பெத்தியாகொட முதலான ஆய்வாளர்கள் 2007இல்தான் இது தனி இனம் என்று காட்டிப் பெயர் வைத்தார்கள். அதற்குள் காட்டில் ஒன்றுகூட இல்லை.

தர்ஷி: வயிற்றில் முட்டை ஒட்டியிருந்ததாமே?

ஆமாம், போத்தலில் உள்ள பெண் தவளையின் வயிற்றோடு முட்டைகள் ஒட்டியிருக்கின்றன. இன்று உயிரோடிருக்கும் இதன் சொந்தங்கள் பெரும்பாலும் ஈர மண்ணில் சின்னக் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிடும், சிலது இலையில் ஒட்டும். தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டையை உடைத்துக்கொண்டு நேராகக் குட்டித் தவளைதான் வெளியே வரும். மாயா முட்டையைச் சுமந்து திரிந்ததா, எத்தனை நாள் சுமந்தது, எங்கே இறக்கியது என்பதை இனி யாரும் பார்க்கப் போவதில்லை. எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது இது.

ரவி, ஹட்டன்: தேயிலைதான் காரணமா?

முதலில் கோப்பி. 1830களிலிருந்து மலை மலையாகக் காட்டை வெட்டி எரித்தார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி படுத்துவிட, அதே நிலத்தில் தேயிலை ஏறியது, காடு திரும்பவே இல்லை. நிழல் போனால் மேல்மண் காயும், மண்ணுக்குள் இருக்கும் முட்டையும் காயும். அப்புறம் ஒன்று, வெட்டியது தமிழ்நாட்டிலிருந்து தோட்டக் கூலிகளாக மன்னார் வழியாக நடந்து வந்த நம் முன்னோர்தானே என்று அவர்கள்மேல் பழி போடாதீர்கள். நிலமும் அவர்களுடையதல்ல, முடிவும் அவர்களுடையதல்ல.

கவி: மறுபடி கிடைக்காதா?

சூடோபிலாட்டஸ் ஸ்டெல்லாட்டஸ் கிடைத்ததே! 1853இல் இயற்கை ஆய்வாளர் கெலார்ட் எழுதிவைத்த தவளை, அழிந்தது என்று எல்லோரும் கைவிட்டபின் 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் அகப்பட்டது. ஆனால் அங்கே காடு மிஞ்சியிருந்தது. மாயா விஷயத்தில் பொய் நம்பிக்கை தர மாட்டேன்.

செல்வி: எங்கள் தோட்டத்து லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகள்) பின்னால் ஓடையோரப் புதரில் இரவானால் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். பிடித்து அனுப்பட்டுமா?

பிடிக்கவே வேண்டாம், அனுமதியில்லாமல் பிடிப்பது சட்டப்படி குற்றம். போனில் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள், முடிந்தால் ஒரு படம், இடத்தின் பெயர், தேதி. பக்கத்துப் பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்வார்கள். அந்தப் புதரை மட்டும் யாரும் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.