மம்முட்டி இரும்பு மட்டும் ஏன் சில்லென்று இருக்கிறது?

கேள்வி: எங்களுக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம் மஞ்சள் தோட்டங்க, சார். மார்கழி விடியக்காலையில் தண்ணீர் கட்டப் போகும்போது மம்முட்டியின் இரும்பைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. மரப்பிடி அப்படி இல்லை. ரெண்டும் ராத்திரி முழுக்க ஒரே சாளையில்தானுங்களே கிடந்தன? இரும்பிலிருந்து குளிர் கைக்கு ஏறுகிறதுங்களா?
– ஒரு வாசகி

பதில்: ஏறுவதில்லை, அம்மணி. குளிர் என்று தனியாக ஒன்று கிடையாது. உங்கள் கையிலிருந்து சூடுதான் வெளியே போகிறது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் நான். எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது.

ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் கிடந்ததால் இரும்பும் பிடியும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். 18 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் உள்ளங்கை 33 டிகிரியை ஒட்டி இருக்கும். சூடு தானாகப் போவது சூடான பக்கத்திலிருந்து ஆறிய பக்கத்துக்குத்தான். ஆகவே இரண்டுக்குமே கைதான் சூட்டைக் கொடுக்கிறது. ஆனால் இரும்புக்குள் கட்டில்லாமல் திரியும் எலக்ட்ரான்கள் இருக்கின்றன. வாங்கிய சூட்டை அவை உடனே உள்ளே தள்ளிவிடுகின்றன. தொட்ட இடம் அவ்வளவாகச் சூடேறுவதில்லை. கை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மரத்தில் அப்படிப்பட்ட எலக்ட்ரான்கள் இல்லை, நுண்ணிய அறைகளுக்குள் காற்று வேறு அடைந்து கிடக்கிறது. கை பட்ட இடம் மட்டும் வெதுவெதுப்பாகும், அப்புறம் சூடு போவது குறைந்துவிடும். மரத்தைவிட இரும்பு சில நூறு மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். தோலுக்குத் தெரிவது தான் எவ்வளவு வேகமாக ஆறுகிறது என்பதுதான். எதிரில் இருக்கும் பொருளின் டிகிரி அதற்குத் தெரியாது.

சின்ன வயதில் கவுந்தப்பாடி பக்கம் எங்கள் சித்தப்பா கரும்பாலை போட்டிருந்தார். வெல்லப் பாகு பதத்துக்கு வரும்போது 118 டிகிரி அளவில் கொதிக்கும். அதே பாகுக்குள் துழாவும் மரத் துடுப்பை அவர் வெறுங்கையால் பிடித்திருப்பார். நானோ கொப்பரையின் விளிம்பில் ஒரு விரலை வைத்துவிட்டு ஒரு வாரம் கொப்புளத்தோடு திரிந்தேன். இங்கே சூடு வந்த திசை வேறு, இரும்பிலிருந்து கைக்கு. ஆனால் காரணம் அதேதான். சித்திரை வெயிலில் கிடந்த மம்முட்டியைத் தொட்டுப் பாருங்கள். மார்கழியில் சில்லிட்ட அதே இரும்பு அப்போது சுடும், பிடி அவ்வளவாகச் சுடாது.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். அடுப்பில் ஏற்றாத கனமான தோசைக்கல் ஒன்று, மணைப்பலகை ஒன்று. இரண்டின் மேலும் ஒரே அளவு ஐஸ் கட்டி வையுங்கள். தொட்டால் சில்லென்று இருக்கும் கல்லில்தான் ஐஸ் நிற்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். கல்லில்தான் சீக்கிரம் கரையும். கரைகிறபோதே இரண்டையும் தூக்கி அடிப்பக்கம் தொடுங்கள். கல் முன்பைவிட ஜில்லிட்டிருக்கும். பலகையின் அடியில் ஒரு மாற்றமும் தெரியாது.