கணப்புக்கு ஹூட்: கடைக்குப் போகும் முன் டேப்பை எடுங்கள்

கே: குன்னூரில் பழைய வீடு. கணப்பின் வாய் 36 அங்குல அகலம், 28 அங்குல உயரம். செங்கல் புகைபோக்கியின் உள்ளளவு 9-க்கு 9 அங்குலம். விறகு மூட்டினால் கூடமெல்லாம் புகை. வாயின் மேல்பகுதியை மறைக்கும் தகடான ஹூட் வைத்தால் சரியாகுமா?

ப: முதலில் புகைபோக்கியைச் சுத்தம் செய்து, குருவிக்கூடு, கரி அடைப்பு இல்லையென்று பாருங்கள். அதன் பிறகும் புகைந்தால் ஹூட் உதவும். ஆனால் புகையை இழுப்பது ஹூட் அல்ல, சூடேறிய புகைபோக்கிதான். ஹூட் கணப்பின் வாயைச் சிறிதாக்குகிறது, அவ்வளவே.

புகைவழியின் பரப்பு, வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும். உங்கள் வாய் 1008 சதுர அங்குலம். தேவை சுமார் 101, இருப்பதோ 81. மேலிருந்து 6 அங்குலம் மறைத்தால் வாய் 792 ஆகிவிடும், 81 போதும். புகைபோக்கி 15 அடிக்கும் குட்டையென்றால் எட்டில் ஒரு பங்கு தேவை. அப்போது 10 அங்குலம் மறைக்க வேண்டியிருக்கும்.

கணக்கை நம்பி உடனே பட்டறைக்குப் போக வேண்டாம். தீ மூட்டிக் கால் மணி நேரம் கழித்து, வாயின் மேல் விளிம்பில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். அதன் புகை அறைக்குள் சுருண்டு வரும். கையுறை போட்டுக்கொண்டு ஒரு தகரத்தை மேலிருந்து மெல்ல இறக்குங்கள். ஊதுபத்திப் புகை உள்ளே திரும்பும் இடத்தில் கோடு போட்டு, ஓர் அங்குலம் கூட்டுங்கள். அதுதான் உங்கள் ஹூட்டின் உயரம்.

தகடு 3 மி.மீ. இரும்பு. மெல்லியதென்றால் சூட்டில் நெளிந்து 'டப் டப்' என்று சத்தம் போடும். ஜி.ஐ. தகடு வேண்டவே வேண்டாம். பூசியிருக்கும் துத்தநாகம் 420 டிகிரியில் உருகும், அதன் ஆவியைச் சுவாசிக்கக் கூடாது. 600 டிகிரி தாங்கும் சிலிக்கோன் பெயின்ட் அடியுங்கள். முதல் இரண்டு முறை ஜன்னலைத் திறந்துவைத்து எரியுங்கள், நெடி போய்விடும்.

கொத்தனார்கள் செய்யும் தவறு ஒன்று: ஓரத்தைச் சிமென்டால் இறுக்கி அடைப்பது. 36 அங்குலத் தகடு நன்றாகச் சூடேறினால் 3 மி.மீ. வரை நீளும், சிமென்ட் வெடிக்கும். இரு பக்கமும் 3 மி.மீ. இடைவெளி விட்டு, செராமிக் கயிறு திணியுங்கள். போல்ட் துளைகள் நீள்வட்டமாக இருக்கட்டும்.

கே: சமையலறை மின்சார சிம்னியையே கணப்புக்கு மேல் மாட்டலாமா?

ப: கூடாது. அதன் மோட்டாரும் பிளாஸ்டிக் பாகங்களும் விறகுச் சூட்டுக்கானவை அல்ல. எண்ணெய் படிந்த ஃபில்டரில் பொறி பட்டால் தீப்பிடிக்கும். இன்னொன்று: ஜன்னல்களைச் சாத்திவிட்டு சமையலறை சிம்னியை ஓட்டினால், அது கணப்பின் புகையையே அறைக்குள் இழுக்கும். கணப்புக்கு அருகிலுள்ள ஜன்னலை ஓர் அங்குலமாவது திறந்துவையுங்கள்.

கே: செம்பு ஹூட் நல்லதா?

ப: அழகுக்கு நல்லது. புகைக்கு இரும்பும் செம்பும் ஒன்றுதான். ஆசையிருந்தால் உள்ளே இரும்பு, வெளியே செம்பு. வாரம் ஒருமுறை புளி போட்டுத் தேய்க்கத் தயாரா என்று மட்டும் யோசியுங்கள்.